16 நாற்காலிகள், 5 தீவுகள்

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்டிலிருந்து கடலுக்குள் சுமார் 45 கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கின்றன சில்லி தீவுகள். ஆள் குடியிருப்பது ஐந்தில்தான். எல்லாம் சேர்த்து 2,100 பேர் இருப்பார்கள். தலை எண்ணிக்கையில் நம்மூரின் ஒரு சின்ன ஊராட்சி. வேலைப் பட்டியலிலோ ஒரு மாவட்ட நிர்வாகமும் நகராட்சியும் சேர்ந்தது. குப்பை அள்ளுவது, முதியோர் பராமரிப்பு, குழந்தைகள் நலன், கட்டட அனுமதி, தீயணைப்பு, செயின்ட் மேரிஸ் தீவின் விமான நிலையம் என எல்லாம் அந்தக் கவுன்சிலின் தலையில். 1890இல் போட்ட ஓர் உத்தரவால் உருவாகி, 1891 முதல் கூடிவரும் அந்த மன்றத்தில் இன்று 16 உறுப்பினர்கள். பெரிய தீவான செயின்ட் மேரிஸுக்கு 12 பேர்; டிரெஸ்கோ, பிரையர், செயின்ட் மார்டின்ஸ், செயின்ட் ஆக்னஸ் என்ற நான்கு சிறு தீவுகளுக்குத் தீவுக்கு ஒருவர். கட்சிக் கொடி பிடித்து வருபவர்கள் அநேகமாக இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் நடக்கும் குழுக்கூட்டங்களைப் பற்றி அட்டைப்படக் கட்டுரை எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மக்களாட்சி என்று நாம் சொல்லும் ஏற்பாடு எந்த அளவு வரை சுருங்கினால் மூச்சுத் திணறும், அப்போது எந்த வைத்தியம் பலிக்கும், எது ஆளையே கொல்லும் என்பதைப் பார்க்க இதைவிடத் தெளிவான இடம் கிடையாது.

கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலைக் கையில் எடுத்தால், வர இயலாதவர்களின் பெயரை வாசித்த கையோடு வருவது சொந்த நலன் பற்றிய அறிவிப்பு. இன்றைக்குப் பேசப்போகும் பொருளில் எனக்குப் பணம் சம்பந்தப்பட்டிருக்கிறது என்று உறுப்பினர் எழுந்து சொல்லவேண்டும். சொல்லிவிட்டு அந்தப் பேச்சிலும் வாக்கிலும் கலந்துகொள்ளாமல் ஒதுங்கவேண்டும். 2011இன் உள்ளாட்சிச் சட்டப்படி, தக்க காரணமின்றி மறைப்பது குற்றம். நல்ல விதிதான். ஆனால் சில்லியில் நிலத்தின் பெரும்பகுதி ஒரே உடைமையாளரிடம் இருக்கிறது: பட்டத்து இளவரசரின் சொத்தான டச்சி ஆஃப் கார்ன்வால். 1949இல் குடியிருந்தவர்களுக்கே விற்கப்பட்ட, செயின்ட் மேரிஸின் ஹியூ டவுனைத் தவிர்த்துப் பார்த்தால், குத்தகைக்காரராக இல்லாதவரைத் தேடவேண்டும். டச்சியின் நிலம் பற்றிய பொருள் விவாதத்துக்கு வரும் நாளில் குத்தகைக்காரர் எல்லோரும் எழுந்து வெளியே போனால் மிஞ்சுவது நாற்காலிகள்தான். சட்டம் இயற்றியவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. உறுப்பினர்களில் மிகப் பலர் விலகவேண்டி வந்து வேலையே நடக்காது என்ற நிலை வந்தால் விலக்கு அளிக்கலாம் என்று 33ஆம் பிரிவில் ஒரு சந்து வைத்திருக்கிறார்கள். நகரத்துக்கு விதிவிலக்கான அந்தச் சந்து, தீவில் ராஜபாட்டை.

அதே சட்டத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. உறுப்பினருடைய நலனோடு சேர்த்து எண்ணப்படுவது கணவன், மனைவி அல்லது அப்படிச் சேர்ந்து வாழ்பவரின் நலன் மட்டுமே. அண்ணன், மைத்துனர், சம்பந்தி, பேரனின் மாமனார் யாரும் அந்தப் பட்டியலில் வருவதில்லை. மூன்று தலைமுறையாக ஒரே நான்கு குடும்பப் பெயர்கள் சுற்றிச் சுற்றி வரும் ஒரு தீவில், உறவை முழுதாகக் கணக்கெடுத்தால் மன்றமே கலைந்துவிடும். எடுக்காவிட்டால் ஊர் சிரிக்கும். இரண்டுக்கும் நடுவே சட்டம் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கோடு போட்டிருக்கிறது. ஒருவரை ஒருவர் அறியாத பெரிய ஊர்களுக்கு எழுதிய விதியைக் கொண்டுபோய் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறையில் வேண்டப்பட்டவரான இடத்தில் விரிக்கிறார்கள். அங்கே அது கால் நீட்டினால் தலைக்கு எட்டாத பாய். என்னுடைய வாதம் இதிலிருந்துதான் தொடங்குகிறது. சிறு தீவில் உறவைப் பிரிக்க முடியாது, பதவியைப் பிரிக்கலாம். ஆளை அப்புறப்படுத்தப் போடும் கவனத்தைப் பதவிகளைப் பிரிப்பதிலும், கதவைத் திறந்து வைப்பதிலும், உட்காருபவருக்குக் கூலி கொடுப்பதிலும் போட்டால் குழுக்கூட்டம் பிழைக்கும். அதை விட்டுவிட்டுக் கூட்டத்தையே ஒழிப்பதோ வெளியாளிடம் சாவியைக் கொடுப்பதோ தீர்வு ஆகாது.

சிறிய கவுன்சில் என்றால் பலவீனம் என்று முதலிலேயே முடிவு கட்டிவிடுபவர்களுக்கு ஷெட்லாந்தை நினைவூட்டலாம். ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் அந்தத் தீவுக்கூட்டத்தில் இன்று சுமார் 23,000 பேர். 1970களின் தொடக்கத்தில் வடகடலில் எண்ணெய் கண்டபோது அதைவிடக் குறைவு. உலகின் பெரிய எண்ணெய் நிறுவனங்கள் கரையிறங்கத் துறை தேடி வந்தன. உள்ளூர்க் கவுன்சிலோ கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. நாடாளுமன்றத்துக்குப் போய்த் தனக்கென்று ஒரு சட்டத்தை 1974இல் வாங்கி வந்தது. நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தவும், துறைமுகத்தைத் தானே நிர்வகிக்கவும் அந்தச் சட்டம் அதிகாரம் கொடுத்தது. ஊருக்கு நேரும் தொந்தரவுக்கு ஈடாகப் பணம் தரவேண்டும் என்று நிறுவனங்களிடம் பேரம் பேசி வாங்கி, 1976இல் ஓர் அறக்கட்டளை வைத்து அதில் போட்டது. முதியோர் இல்லங்களுக்கும் விளையாட்டு அரங்குகளுக்கும் அந்தப் பணம் போனது. எண்ணெய் வந்த இடங்களில் ஊர்க்காரர் கைக்கு என்ன வந்தது என்று உலகம் முழுக்கக் கணக்குப் பார்த்தால், ஷெட்லாந்துக்கு ஈடாக அதிக ஊர்களைச் சொல்ல முடியாது. மீன்பிடியும் ஆட்டுக் கம்பளியும் மட்டுமே தெரிந்தவர்கள் என்று எதிராளி நினைத்திருக்கக்கூடிய ஒரு மன்றம் செய்த வேலை இது.

ஆனால் அதே ஷெட்லாந்துதான் எனக்கு எதிரான சாட்சியும். கவுன்சிலர்கள் 22 பேரும் பதவி வழியாகவே அந்த அறக்கட்டளையின் அறங்காவலர்களாக இருந்தார்கள். காலை கவுன்சிலராக நிதி கேட்டவரே மாலை அறங்காவலராகக் கொடுக்கலாம். இது பல ஆண்டுகள் யாரையும் உறுத்தவில்லை. தீவில் ஒரு பெரிய காற்றாலைத் திட்டம் வந்து, அதில் அறக்கட்டளை பங்குதாரராகவும் ஆனபோது உறுத்தியது. திட்டத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லவேண்டிய கவுன்சிலில் இருந்தவர்களும், அது நடந்தால் ஆதாயம் பெறவேண்டிய அறக்கட்டளையில் இருந்தவர்களும் ஒரே ஆட்கள். ஊர் இரண்டுபட்டது, வழக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை போய், எதிர்த்தவர்கள் 2015இல் தோற்றார்கள். ஸ்காட்லாந்தின் அறக்கட்டளைக் கண்காணிப்பு அமைப்பும் இந்த இரட்டை வேடத்தை ஏற்கவில்லை. அறங்காவலர் குழுவில் கவுன்சிலர்களின் பெரும்பான்மை முடிவுக்கு வந்தது. இங்கே கவனிக்கவேண்டியது, தீர்வு எப்படிக் கிடைத்தது என்பது. யாருக்கு யார் மாமன் மச்சான் என்று எவரும் வம்சாவளி தேடவில்லை. இரண்டு பதவிகளுக்கு நடுவே சுவர் எழுப்பினார்கள். அறக்கட்டளை இருக்கிறது, கவுன்சில் இருக்கிறது, உறவுகளும் அப்படியே இருக்கின்றன.

சார்க் தீவும் இதே பாடத்தைப் படித்தது, ஆனால் வலியோடு. ஆங்கிலக் கால்வாயில், கர்ன்சிக்குப் பக்கத்தில், சுமார் ஐந்தரைச் சதுர கிலோமீட்டர் நிலம். 500 பேருக்குச் சற்று முன்பின். கார் ஓட்ட அனுமதி இல்லை. டிராக்டர், சைக்கிள், குதிரை வண்டி. வருமான வரி கிடையாது. தெருவிளக்கு கிடையாது, இருட்டுக்காகவே 2011இல் உலக அங்கீகாரம் பெற்ற தீவு. 1565இல் முதலாம் எலிசபெத் ராணி ஒரு பிரபுவுக்குக் கொடுத்து, 40 பேரைக் குடியேற்றச் சொன்ன நிலம் அது. அந்த 40 துண்டு நிலங்களின் உடைமையாளர்கள் வாக்கு கேட்காமலே மன்றத்தில் உட்கார்ந்தார்கள்; 1922இலிருந்து 12 பேர் மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தார்கள். மன்றத்துக்குத் தலைமை வகித்த செனஷல் என்ற அதிகாரியே தீவின் நீதிபதியும்கூட. சட்டம் போடும் அவையை நடத்தியவர் அதே சட்டத்தின்படி தீர்ப்பும் சொன்னார். 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இது மனித உரிமை ஒப்பந்தத்துக்கு ஒவ்வாது என்றது. இரு பதவிகளும் பிரிக்கப்பட்டு, அவைக்குத் தனித் தலைவர் வந்தார். 500 பேர் கொண்ட தீவில் இன்னொரு தகுதியான ஆளுக்கு எங்கே போவது என்று முன்பு கேட்டவர்கள் உண்டு. ஆள் கிடைத்தார்.

அதே 2008 டிசம்பரில் 28 இடங்களுக்கு முதல் முழுத் தேர்தல் நடந்தது. 57 பேர் நின்றார்கள். பக்கத்துச் சிறு தீவை வாங்கி மாளிகை கட்டி, சார்க்கிலும் விடுதிகளும் கடைகளும் வைத்திருந்த பார்க்லே சகோதரர்கள் ஆதரித்த வேட்பாளர்களில் பெரும்பாலோர் தோற்றார்கள். உடனே அவர்களின் தொழில்கள் மூடப்பட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். சில வாரங்களில் மறுபடி திறந்தன. சிறு இடத்தில் மக்கள் யாருக்காவது அடங்கித்தான் வாக்களிப்பார்கள் என்ற எதிர்வாதத்துக்கு அந்தத் தேர்தல் முடிவே பதில். முதலாளி யார், அவர் கோபித்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் அந்தத் தீவில் எல்லோருக்கும் தெரியும், தெரிந்தேதான் வாக்களித்தார்கள். சார்க்கை உண்மையில் அசைத்தது அதற்குப் பிறகு வந்த சோர்வு. அடுத்த பத்தாண்டுக்குள் காலி இடங்களுக்குப் போதுமான வேட்பாளர் வரவில்லை. 57 பேர் மோதிக்கொண்ட அதே மன்றத்தின் உறுப்பினர் எண்ணிக்கை 28இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது. காரணம் புரியாததல்ல. சம்பளம் கிடையாது. கொள்கையும் நிதியும் ஒரு குழு, மருத்துவமும் அவசரச் சேவையும் ஒரு குழு, கல்வி, சுற்றுலா, கட்டுமானம், துறைமுகம் என்று குழுக்கள் நீள்கின்றன. ஒரே ஆள் மூன்றில் இருப்பார். பகலில் விருந்தினர் விடுதி நடத்திவிட்டு, மாலையில் மருந்தகச் செலவையும் கப்பல் கட்டணத்தையும் விவாதித்துவிட்டு, மறுநாள் காலை ரொட்டி வாங்கப் போகும் கடையில் அந்த முடிவுக்காகத் திட்டு வாங்கவேண்டும். நகரத்துக் கவுன்சிலருக்குக் கிடைக்கும் பெரிய வசதி, வீட்டுக்குப் போனால் யாரும் அடையாளம் காணாமல் இருப்பது. தீவில் அது கிடையாது.

குழு முறைக்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்களில் வலுவானது உறவு அல்ல, தாமதம்தான். எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தால் யாரும் பொறுப்பேற்பதில்லை. கோப்பு ஒரு குழுவிலிருந்து அடுத்த குழுவுக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். இந்தப் புகாரைத்தான் செயின்ட் ஹெலினா ஏற்றது. தெற்கு அட்லாண்டிக்கில், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து 1,900 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அந்தத் தீவில் சுமார் 4,400 பேர். 2009இன் அரசியல் சாசனப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட 12 பேர், அவர்களில் ஐவர் ஆளுநரின் நிர்வாக அவையில், துறைவாரியாகக் குழுக்கள். 2021 மார்ச்சில் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். அமைச்சர் முறை வேண்டும் என்ற பக்கம் வென்றது. அக்டோபரில் தேர்தல் முடிந்து ஜூலி தாமஸ் முதல் முதலமைச்சர் ஆனார். பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு இப்போது ஐந்து பெயர்களைச் சொல்லலாம். அது லாபம், மறுக்கவில்லை. ஆனால் கணக்கை இன்னொரு பக்கமிருந்தும் போட்டுப் பாருங்கள். 12 பேரில் ஐவர் அமைச்சர்கள். எல்லாத் துறையையும் கேள்வி கேட்க மீதி ஏழு பேர். கட்சி இல்லாததால் இந்த ஏழு பேர் எதிர்க்கட்சியும் அல்ல, ஆளுங்கட்சியும் அல்ல. முன்பு ஒரு துறையின் கோப்பு மேசைக்கு வரும்போதே குழுவில் உட்கார்ந்து படித்தவர், இப்போது முடிவெடுத்த பிறகு வினா எழுப்புகிறார். 650 பேர் உட்காரும் வெஸ்ட்மின்ஸ்டரில் நடக்கும் கூத்தை 12 பேரை வைத்து ஆடினால், மேடையில் ஆள் இருக்கும். பார்வையாளர் பக்கம் காலியாக இருக்கும். பொறுப்பாளி யார் என்று தெரியவேண்டுமானால் அதற்கு எளிய வழி குழு முறைக்குள்ளேயே உண்டு: யார் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்று பெயரோடு பதிவு செய்து வெளியிடுவது.

சிறு தீவுக்காரருக்கு நிபுணத்துவம் போதாது, பெரிய விஷயங்களைத் தலைநகரத்தில் தீர்மானிப்பதே நல்லது என்பார்கள். அதற்கும் செயின்ட் ஹெலினாவே பதில் வைத்திருக்கிறது. பிரிட்டிஷ் அரசு சுமார் 28.5 கோடி பவுண்டு செலவில் அங்கே விமான நிலையம் கட்டியது. 2016இல் திறக்கவேண்டியிருந்த நேரத்தில், ஓடுபாதை அருகே காற்று திடீரென்று திசையும் வேகமும் மாறுவதால் பெரிய பயணிகள் விமானம் இறங்குவது ஆபத்து என்று தெரிந்தது. முறையான விமானச் சேவை தொடங்கியது 2017 அக்டோபரில், சிறிய விமானத்தோடு. மலைமுகட்டில் காற்று எப்படி வீசும் என்பதைச் சரியாகப் பார்க்காமல் எப்படிக் கட்டினீர்கள் என்று லண்டனில் கடுமையாகக் கேட்டது யார் தெரியுமா? நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு. நிபுணர்களும் அதிகாரிகளும் நிறைந்த துறை தவறவிட்ட கேள்வியை, கதவு திறந்த அறையில் சாதாரண உறுப்பினர்கள் கூடி உட்கார்ந்த ஒரு குழு கேட்டது. என்ன, காசு செலவான பிறகு கேட்டது.

கூட்டமே வேண்டாம், திறமையான வெளியாள் வந்து நடத்தட்டும் என்று போனால் என்ன ஆகும் என்பதற்கு நார்ஃபோக் தீவைப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் இடையே, 2,200 பேர் அளவுக்கு மக்கள். 1979 முதல் தனக்கென்று சட்டமன்றம் வைத்திருந்தது. கடன் முற்றியது உண்மை; பண உதவிக்குக் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய அரசிடம் கையேந்தியதும் உண்மை. 2015 மே மாதம் தீவில் நடந்த வாக்கெடுப்பில் 68 சதவீதம் பேர் எங்கள் எதிர்காலத்தை நாங்களே முடிவு செய்யவேண்டும் என்றார்கள். அடுத்த மாதமே சட்டமன்றம் ஒழிக்கப்பட்டது. 2016இல் அதற்குப் பதிலாக ஐந்து பேர் கொண்ட வட்டாரக் கவுன்சில் வந்தது. சிறிய நிலம், பெரிய சட்டப்புத்தகம், பெருநிலத்துக் கணக்கு முறைகள். 2021 பிப்ரவரியில் கவுன்சில் இடைநிறுத்தப்பட்டு விசாரணை நடந்தது. டிசம்பரில் பதவி நீக்கப்பட்டு நிர்வாகியின் கையில் பொறுப்பு போனது. இதில் நிதி ஒழுங்கீனம் இருந்ததா என்ற கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் சட்டமன்றத்தை ஒழித்தால் ஒழுங்கு வரும் என்ற வாக்குறுதி ஆறே ஆண்டில் காலாவதியானதையும் தள்ளிவிட முடியாது. 2022 முதல் பள்ளிக்கூடமும் மருத்துவமும் குவீன்ஸ்லாந்து மாநிலம் வழியாக வருகின்றன. அந்த மாநிலத்தின் சட்டமன்றத் தேர்தலில் நார்ஃபோக் தீவுக்காரருக்கு வாக்கு கிடையாது.

ஆகவே தேவைப்படுபவை பெரிய சீர்திருத்தங்கள் இல்லை. நீதியும் சட்டமும், கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே ஆளாக இருக்கும் இடங்களில் பதவியைப் பிரிக்கவேண்டும். உறவை அறிவித்துவிட்டு உட்காரட்டும். அறிவித்தது கூட்டக் குறிப்பில் ஏறட்டும். யாருடைய உறவு என்பது ஊருக்கு முன்பே தெரியும், எழுத்தில் இருப்பதுதான் புதிது. மூடிய கதவுக்குள் பேசும் பொருள்களைத் தனிமனிதரின் உடல்நலம், ஒப்பந்த விலை போன்ற ஒரு சிலவற்றோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். சின்ன ஊரில் ரகசியம் தங்காது. தங்காத ரகசியம் வதந்தியாக வெளியே வருவதைவிடக் குறிப்பாக வருவது மேல். உட்காருபவருக்குச் சம்பளமும், கோப்பைப் படித்துச் சுருக்கித் தர ஓர் எழுத்தரும் வேண்டும். 500 பேர் தீவுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகுமா என்று கேட்பவர்கள், வேட்பாளர் இல்லாமல் தள்ளிப்போகும் ஒரு தேர்தலுக்கும், குழம்பிய ஒரு முடிவு நீதிமன்றம் போவதற்கும் ஆகும் செலவையும் சேர்த்துக் கணக்கிடவேண்டும்.

மிச்சமிருப்பது வந்து சேர்வது. சில்லியில் குளிர்காலத்தில் பெருநிலத்திலிருந்து பயணிகள் கப்பலே ஓடாது. தீவுக்குத் தீவு போகும் படகுகளும் காற்றும் கடலும் விட்டால்தான் புறப்படும். சிறு தீவுகளுக்குத் தீவுக்கு ஒரே ஒரு கவுன்சிலர் என்பதால், அலை எழுந்த நாளில் ஒரு தீவின் மொத்தக் குரலும் கரையிலேயே நின்றுவிடலாம். கொரோனா காலத்தில் இதற்கு ஒரு வழி தானாகத் திறந்தது. 2020 ஏப்ரல் முதல் இங்கிலாந்தின் கவுன்சிலர்கள் வீட்டிலிருந்தபடியே திரை வழியாகக் கூட்டத்தில் பேசவும் வாக்களிக்கவும் தற்காலிக விதி அனுமதித்தது. அதை நீட்டிக்கச் சொல்லிப் போட்ட வழக்கில், 1972ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் கூட்டம் என்று சொல்வது ஓரிடத்தில் நேரில் கூடுவதைத்தான் என்று 2021 ஏப்ரல் 28 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மே 7 முதல் செயின்ட் ஆக்னஸின் அந்த ஒற்றை வாக்குக்கு மறுபடி படகு தேவைப்பட்டது.